300 கிலோவுக்கும் 1,000 கிலோவுக்கும் நடுவில்

சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன்; 2007-க்கு முன்னர் இந்த ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அறிந்தவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். என்னிடம் கணக்குப் புத்தகத்தோடு வருபவர் முறுக்கு சுடுபவராக இருக்கலாம், மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவராக இருக்கலாம், பசியாறும் கடை நடத்துபவராக இருக்கலாம்; கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அவர்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணே, தொழிலைக் கொஞ்சம் பெருசு பண்ணலாமா?" எவ்வளவு பெரிதாக என்று நான் திருப்பிக் கேட்டால், ஓர் எண்ணைச் சொல்பவர் மிக அரிது. சிறு தொழிலில் "கொஞ்சம்" பெரிதாக்குவதுதான் பெரும்பாலும் மிக நட்டமான அளவு என்பதை எண்களோடு காட்டவே இதை எழுதுகிறேன்.

அளவைத் திட்டமிடுவது நம் ஊருக்குப் புதிய விஷயம் அன்று. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது இங்கேதான். 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் அதைத் தொடங்கினார். செம்பனைத் தொழிலில் ஆலையின் அளவை யாரும் ஆசையைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வெட்டிய பழக்குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போயாக வேண்டும். தாமதமானால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். ஆகையால், லாரி எட்டும் தொலைவில் எத்தனை ஹெக்டேர் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. மணிக்கு 30 டன் அரைக்கும் ஆலை ஒன்று நாளுக்கு 20 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் அதற்கு 1,80,000 டன் குலை வேண்டும்; ஹெக்டேருக்கு 20 டன் விளையும் நல்ல தோட்டமாகவே வைத்துக்கொண்டாலும் 9,000 ஹெக்டேர் தேவைப்படும். 5,000 ஹெக்டேர் மட்டுமே உள்ள இடத்தில் அப்படியோர் ஆலையைக் கட்டினால், இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது பாதி நாள் சும்மா நின்று கடனைத்தான் அரைக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்கள் பலர் ஆலைக்கு எதிரிலேயே வாழ்ந்தும், தங்கள் கடைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

கடைக்கு ஹெக்டேர் என்பது வாடிக்கையாளர்கள்தாம். தோட்ட நகரங்களில் இந்த எண்ணிக்கை ஒரே இடத்தில் நிற்பதில்லை. கித்தா (ரப்பர்) மரம் இருந்த காலத்தில் நாள்தோறும் பால் வெட்ட ஆட்கள் வேண்டியிருந்தது. லயங்களில் குடும்பங்கள் நிறைந்திருந்தன. செம்பனையில் ஒரு நிரையை 10 முதல் 15 நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும் என்பதால், அதே நிலத்துக்குக் குறைவான கைகளே தேவைப்பட்டன. லயங்கள் காலியாயின, பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போனார்கள், தோட்டத்தில் இப்போது வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும்தாம். மற்றொரு புறம், சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் வந்ததால் மாணவர்கள் வருகிறார்கள், விடுமுறையில் மறைகிறார்கள். ஆகவே, "நம்ம ஊர்ல எல்லாரும் வாங்குவாங்க" என்று சொல்பவரிடம் நான் ஒரு தாளைக் கொடுத்து, கடந்த மூன்று மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் வாங்கிய வீடுகளை எழுதச் சொல்வது வழக்கம். எழுதி முடித்தவர்கள் அநேகமாக அமைதியாகிவிடுவார்கள்.

இனி முறுக்குத் தொழிலை எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் விலைகள் கணக்கு புரிவதற்காக நான் உருட்டிச் சொல்பவை. உங்கள் ஊரின் அரிசி மாவு விலையும் எண்ணெய் விலையும் வேறாக இருக்கும். கணவனும் மனைவியும் வீட்டிலேயே சுடுகிறார்கள். மாதம் 300 கிலோ. எல்லாமே நேரடி விற்பனை: தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள், கோயில், திருமண ஆர்டர், ஞாயிற்றுக்கிழமை பாசார். கிலோ 28 ரிங்கிட்டுக்கு விற்கிறார்கள். மாவு, நெய், எண்ணெய், எரிவாயு, பொட்டலம் என்று கிலோவுக்குக் கையை விட்டுப் போவது 11 ரிங்கிட், மிஞ்சுவது 17. 300 கிலோவுக்கு 5,100 ரிங்கிட். முறுக்கு சுட்டாலும் சுடாவிட்டாலும் மாதந்தோறும் ஆகும் பெட்ரோல், தொலைபேசி, உரிமம், பழுது ஆகியவற்றுக்கு 600 கழித்தால், வீட்டுக்கு வருவது 4,500.

இந்த 4,500-ஐ இலாபம் என்று சொல்லக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். இரண்டு பேர் நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறார்கள். அவர்கள் வேறொருவரிடம் வேலைக்குப் போயிருந்தால் குறைந்தபட்சச் சம்பளமாகத் தலைக்கு 1,700 ரிங்கிட் கிடைத்திருக்கும். முதலாளி அதன்மேல் 13 விழுக்காடு சேமநிதியும், சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் கட்டியிருப்பார். ஆக, ஒருவருக்குச் சுமார் 1,950, இருவருக்கு 3,900. அதைக் கழித்த பின் நிற்கும் 600 ரிங்கிட்டே தொழிலின் இலாபம். தனிநபர் நிறுவனமாகப் பதிந்தவர் தமக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தை வருமான வரி வாரியம் செலவாக ஏற்காது என்பதால், பலர் தங்கள் கணக்கிலும் அதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். வரிப் பாரம் வேறு, தொழில் திட்டம் வேறு. திட்டத்தில் உங்கள் உழைப்புக்கு விலை போடாவிட்டால், எந்த அளவும் இலாபமாகத்தான் தெரியும். முதுமைக்குச் சேமநிதியும் இதில் சேர்த்தி. சொந்தத் தொழில் செய்பவர் தாமாகவே கட்டுவதற்கு ஐ-சாரான் திட்டம் இருக்கிறது, அரசாங்கமும் அதில் ஒரு பங்கு போடுகிறது, ஆயினும் என்னிடம் வருபவர்களில் அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

இப்போது ஒரு மினி மார்க்கெட் உரிமையாளர் வந்து, "அக்கா, நம்ம நாலு கடைக்கும் நீங்களே சப்ளை பண்ணுங்க" என்கிறார். மொத்த விலை கிலோ 20. செலவு அதே 11, மிஞ்சுவது 9. வீட்டு அடுப்பு போதாது, ஆகவே கடை வீடு ஒன்றை 1,200-க்கு வாடகைக்கு எடுக்கிறார்கள். இரண்டு பணியாளர்கள், 3,900. வேன் தவணையும் எண்ணெயும் 900. பிழியும் இயந்திரத்துக்கு மாதத் தவணை 300. பழைய 600-உம் சேர்ந்து, மாதம் பிறந்ததும் வாசலில் நிற்கும் செலவு 6,900 ஆகிறது. மொத்த விற்பனை 300 கிலோவில் தொடங்குகிறது என்று கொள்வோம். நேரடி விற்பனையில் 5,100, மொத்த விற்பனையில் 2,700, இரண்டும் சேர்ந்து 7,800. அதிலிருந்து 6,900 போனால் எஞ்சுவது 900 ரிங்கிட்.

முன்பு மாதம் 8,400 ரிங்கிட்டுக்கு விற்று 4,500 வீட்டுக்குக் கொண்டு போனவர்கள், இப்போது 14,400-க்கு விற்று 900 கொண்டு போகிறார்கள். ஊர் பார்ப்பது வேனையும் பெயர்ப் பலகையையும். "நல்லா வந்துட்டாங்க" என்று கோயிலில் சொல்வார்கள்.

பழைய 4,500-ஐத் திரும்பப் பிடிக்க எவ்வளவு விற்க வேண்டும்? 6,900-உம் 4,500-உம் சேர்ந்து 11,400. அதில் 5,100 நேரடி விற்பனையிலிருந்து வந்துவிடுகிறது. மீதி 6,300-ஐக் கிலோவுக்கு 9 வீதம் ஈட்ட 700 கிலோ மொத்த விற்பனை தேவை. ஆக, 300 கிலோவில் கிடைத்த அதே வருமானம் 1,000 கிலோவில்தான் மறுபடியும் கிடைக்கிறது. இடையில் இருப்பது பள்ளம். 400, 500, 600 கிலோ என்று "கொஞ்சம் பெருசாக" இருக்கும் ஒவ்வோர் அளவிலும் அவர்கள் முன்பைவிட அதிகம் உழைத்து முன்பைவிடக் குறைவாகச் சம்பாதிப்பார்கள். 1,000 கிலோவைத் தொட்டாலும் மாத விற்பனை 22,400 ஆகியிருக்கும், வீட்டுக்கு வருவது அதே 4,500 ஆகத்தான் இருக்கும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 900 என்று அப்போதுதான் ஏறத் தொடங்கும். அதுவும் இரண்டு பணியாளர்களும் அதே இயந்திரமும் தாங்கும் வரையில். மூன்றாம் பணியாளர் வந்ததும் அடுத்த பள்ளம்.

இந்தப் பள்ளம் ஏன் வருகிறது என்றால், விற்பனை கிலோ கிலோவாக ஏறுகிறது, செலவோ முழுசு முழுசாக வருகிறது. அரை வேன் கிடைக்காது; முக்கால் கடை வீடு கிடைக்காது. சம்பளத்துக்கு ஆள் வைப்பதில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 என்பது 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அதற்குக் குறைவானவர்களை வைத்திருப்போருக்கும் பொருந்துகிறது; "நம்ம சின்ன கடைதானே" என்னும் சலுகை இனி இல்லை. வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி. ஆண்டுக்குக் குறைந்தது 11 பொது விடுமுறையும், புதிதாகச் சேர்ந்தவருக்கு 8 நாள் ஆண்டு விடுப்பும் சம்பளத்தோடு தர வேண்டும். உணவைத் தொடும் ஒவ்வொருவரும் உணவு கையாள்பவர் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும், டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். இவை எல்லாம் நியாயமான விதிகள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் பிள்ளைகளான நாம் அவற்றைக் குறை சொல்லக் கூடாது. நியாயமான செலவும் செலவுதான் என்பதால், அதைத் திட்டத்தில் முன்கூட்டியே எழுத வேண்டும் என்பதே நான் சொல்வது. ஆளை வைத்துவிட்டுச் சேமநிதி கட்டாமல் விடுவதை "இலாபம்" என்று காட்டும் திட்டங்களுக்கு நான் கணக்கு எழுதுவதில்லை.

மொத்த விற்பனையில் இன்னொரு சிக்கல், பணம் வரும் நாள். மினி மார்க்கெட் 60 நாள் கழித்துத்தான் பணம் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வியப்பான நிபந்தனை அன்று. மாதம் 700 கிலோ அனுப்பினால், முதல் பணம் வருவதற்குள் இரண்டு மாதச் சரக்குக்கு 15,400 ரிங்கிட் மாவிலும் எண்ணெயிலும் போயிருக்கும். கூடுதலாக வந்த நிலைச் செலவு மாதம் 6,300 வீதம் 12,600. இரண்டும் 28,000. தாளில் ஒரு சென் நட்டம் இல்லாத தொழிலுக்கு, கையில் 28,000 இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் மாவு வாங்கப் பணமிருக்காது. இதன்மேல், உடைந்தது, எண்ணெய் வாடை அடித்தது, தேதி கடந்தது என்று திரும்பி வரும் பொட்டலங்கள் வேறு. விற்றால்தான் பணம், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் உடன்பாட்டில் கையெழுத்துப் போடுபவர், கடைக்காரரின் அலமாரிக்கான ஆபத்தையும் தாமே சுமக்கிறார். பெரிய பேரங்காடிகளுக்குப் போக வேண்டுமென்றால், சட்டப்படி கட்டாயமில்லாத ஹலால் சான்றிதழும் நடைமுறையில் தேவையாகிவிடும். நம் ஊரில் வாங்குபவர்களில் மலாய்க்காரர்களும் நிறைய என்பதால் அது நேரடி விற்பனைக்கும் உதவும், ஆனால் வீட்டு அடுப்படியிலேயே அதைப் பெற்றுவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

இந்த இடத்தில் பெரும்பாலோர், "அப்படின்னா அப்படியே இருக்கச் சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை. 300 கிலோவிலேயே செய்யக் கூடியவை இருக்கின்றன, அவற்றைச் செய்யாமல்தான் பலர் வேன் வாங்கப் போகிறார்கள். முதலாவது விலை. கிலோ 28-ஐ 30 ஆக்கினால் மிஞ்சுவது 17-க்குப் பதில் 19. அதனால் 20 கிலோ வியாபாரம் போய் 280 கிலோ ஆனாலும் 5,320 கிடைக்கும். நிலைச் செலவு போக 4,720. உழைப்பு குறைந்திருக்கிறது, வருமானம் 220 ஏறியிருக்கிறது, உண்மையான இலாபமோ 600-லிருந்து 820 ஆகியிருக்கிறது. கணக்குப்படி 31 கிலோ வியாபாரம் போகும் வரை இந்த விலை உயர்வில் நட்டமே இல்லை. நம்மவர்களுக்கு விலை ஏற்றுவதில் ஒரு கூச்சம் உண்டு. வாங்குபவர் பெரியம்மாவாகவோ மாமாவாகவோ இருப்பார், அதே கோயிலில் நாளை முகம் பார்க்க வேண்டும். கூச்சம் நல்ல குணம்தான். ஆனால், அரிசி மாவு விற்பவருக்கு அந்தக் கூச்சம் இல்லை.

இரண்டாவது, எதை விற்பது என்னும் தேர்வு. அதே அடுப்பு நேரத்தில் முறுக்கைவிட ஓமப்பொடியோ அச்சு முறுக்கோ அதிகம் மிச்சம் தருகிறதா என்று பாருங்கள். கிலோவுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைவிட, அடுப்பு எரியும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே வீட்டுத் தொழிலுக்குச் சரியான அளவுகோல், ஏனெனில் அங்கே குறைவாக இருப்பது மாவன்று, அடுப்பும் கையும்தான். அச்சு முறுக்குக்குக் கிலோ விலை அதிகம். ஆனால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரு வாரம் கடிகாரத்தை வைத்து எழுதிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

மூன்றாவது தீபாவளி. பண்டிகைக்கு முந்தைய ஆறு வாரத்தில் கேட்பு பல மடங்காகும், அதைப் பார்த்துத்தான் பலர் அளவை நிர்ணயிக்கிறார்கள். அதுவே பெரும் கேடு. உச்சத்துக்கு ஏற்ப இயந்திரம் வாங்கினால் மீதி பத்து மாதமும் அது துணி போர்த்திக் கிடக்கும், தவணை மட்டும் தவறாமல் வரும். உச்சத்தை ஆட்களைக் கொண்டு தாங்குவதே மேல். தாமானில் உள்ள ஒருவரை நாளுக்கு 80 ரிங்கிட்டுக்கு உதவிக்கு வைத்து, அவரால் கூடுதலாக 10 கிலோ சுட முடிந்தால், நேரடி விலையில் 170 மிஞ்சும்; 80 போக 90 கையில். அந்த ஆறு வாரத்துக்கு இது அருமையான கணக்கு, ஜூன் மாதத்தில் வாங்க ஆள் இல்லாதபோது அதே ஆள் அதே 80-க்கு நட்டம். ஆர்டரைப் பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் எழுத வேண்டும். மாவு வாங்கும் பணம் வாடிக்கையாளரிடமிருந்தே வந்துவிடும். ஆர்டர் புத்தகத்தை ஒரு தேதியில் மூடிவிடவும் வேண்டும். மூடிய பிறகு வரும் ஆர்டருக்கு "அடுத்த வருஷம் முன்னாடியே சொல்லிடுங்க அக்கா" என்று சொல்லும் துணிவு வந்தவர்கள், அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே ஆர்டர் பெறுகிறார்கள்.

மளிகைக் கடைக்கு இந்தப் பள்ளம் வேறு உருவத்தில் வரும். அங்கே அளவைத் தின்பது கடன். சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும்; அதுவரை தோட்டத்துக் குடும்பங்கள் 555 குறிப்புப் புத்தகத்தில் எழுதி வாங்குவது இங்கே தலைமுறைப் பழக்கம். நூறு ரிங்கிட்டுக்கு விற்றால் 12 மிஞ்சும் கடையில், ஒரு வாடிக்கையாளர் நூறு ரிங்கிட் கடனோடு ஊரை விட்டுப் போனால் 88 ரிங்கிட் சரக்கு போனதாகப் பொருள். அதை மீட்க இன்னும் 733 ரிங்கிட்டுக்கு விற்றாக வேண்டும். இந்தக் கடையை இருமடங்காக்குவது அநேகமாக 555 புத்தகங்களையும் இருமடங்காக்குவதுதான். தெரிந்த முகங்களுக்குக் கடன் கொடுப்பதில் ஒரு கடைக்காரரின் நினைவாற்றலே பாதுகாப்பாக இருக்கிறது. இரண்டாவது கிளையில் நிற்கும் சம்பள ஆளுக்கு அந்த நினைவு இல்லை. மளிகைக்குக் கிளை திறக்க விரும்புபவர்களை, அங்கே கடனே கிடையாது என்று முதல் நாளே எழுதி ஒட்டச் சொல்கிறேன். முடியாது என்றால் கிளை வேண்டாம்.

பசியாறும் கடையில் அளவு என்பது நேரம். காலை ஆறரை முதல் பத்தரை வரை மேசைகள் நிறைந்திருக்கும் கடையில் இன்னும் நான்கு மேசை போடுவது, ரொட்டி சானாய் கல் அதே ஒன்றாக இருக்கும் வரையில், காத்திருப்பவர்களை உட்கார வைப்பதற்கு மட்டுமே உதவும். இரவு வரை திறந்து வைத்தால் வருமானம் பெருகும் என்று எண்ணுபவர்கள் மாலை மூன்று முதல் ஆறு வரையிலான கல்லாவைத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்குக் கடையை மூடி அதனால் அதிக இலாபம் பார்த்தவர்களின் கணக்குகளை நான் எழுதியிருக்கிறேன்.

கடன் வாங்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்குன் நேஷனலின் ஸ்பூமி போன்ற, இந்தியச் சமூகத்துத் தொழில்முனைவோருக்கான கடன்கள் இருப்பது நல்லதே. "எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டு அதற்கேற்ற அளவில் தொழிலை வகுப்பதுதான் தவறான வரிசை. 30,000 ரிங்கிட்டை ஆண்டுக்கு 4 விழுக்காடு நிலை வட்டியில் ஐந்தாண்டுக்கு எடுத்தால் திருப்ப வேண்டியது 36,000, மாதம் 600. முறுக்குக் கணக்கில் அது 67 கிலோ மொத்த விற்பனை. அப்படியானால் பள்ளத்தின் மறுகரை 1,000-லிருந்து 1,067-க்குத் தள்ளிப் போய்விட்டது. கூட்டு (சீட்டு) பிடித்து முதல் திரட்டுபவர்களுக்கு, 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தடை செய்திருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன். கூட்டுத் தலைவர் ஓடிவிட்டால் பணத்தை மீட்பதும் கடினம். உரிமமில்லாமல் கடுவட்டிக்குக் கடன் கொடுக்கும் ஆலோங்கைப் பற்றி எழுதத் தேவையில்லை.

பெரிதாகிவிட்டால் வரி வந்துவிடும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. அந்த அச்சம் பெரும்பாலும் மிகை. அரசாங்கத்தின் வரையறைப்படி ஆண்டு விற்பனை 3,00,000 ரிங்கிட்டுக்குக் கீழே இருந்தாலோ, பணியாளர் ஐவருக்குக் குறைவாக இருந்தாலோ அது குறுந்தொழில். நம் முறுக்குத் தம்பதி 1,000 கிலோவை எட்டினாலும் ஆண்டு விற்பனை 2,68,800 தான். அப்போதும் அவர்கள் குறுந்தொழில்தான். உணவகங்களுக்குச் சேவை வரிப் பதிவு 12 மாத விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால்தான் வருகிறது. அந்த எல்லைக்கு அருகில் இருப்பவர் 6 விழுக்காட்டை யார் சுமப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். நம் ஊரில் அந்த நிலையில் இருப்பவர்களை ஒரு கையால் எண்ணிவிடலாம்.

வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இதைச் சொல்லும்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். 58 வயதுத் தம்பதி, பிள்ளைகள் இருவரும் வெளியூரில் மாதச் சம்பளத்தில் இருக்கிறார்கள், தொழிலை எடுத்து நடத்த யாருமில்லை என்றால், 63 வயது வரை ஓடும் தவணையில் எதற்காகக் கையெழுத்துப் போட வேண்டும்? அவர்களுக்கு 280 கிலோவும் 30 ரிங்கிட்டும் மிகச் சரியான அளவு. அதே வேளையில், 29 வயது மகள் பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வந்து, "அம்மா, நான் இதையே பண்றேன்" என்றால், அந்த வீட்டின் கணக்கே வேறு. இப்போது மூன்று பேருக்குச் சோறு போட வேண்டிய தொழில் அது. 300 கிலோ அதற்குப் போதாது, பள்ளத்தைத் தாண்டியே ஆக வேண்டும்.

தாண்டுபவர்களுக்கு நான் சொல்லும் வரிசை, ஊர் வழக்கத்துக்கு நேர் எதிரானது. நம்மவர்கள் முதலில் கடையைப் பிடித்து, பெயர்ப் பலகை மாட்டி, பூசை போட்டு, பிறகு ஆர்டர் தேடுகிறார்கள். ஆர்டர் முதலில் வர வேண்டும். நான்கு கடைகளிடம் மாதம் எத்தனை கிலோ, எத்தனை நாளில் பணம், திரும்பும் சரக்கு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். 60 நாளை 30 நாளாக்க ஒரு ரிங்கிட் குறைத்துக் கொடுக்கலாமா என்று பேசிப் பாருங்கள், கிலோவுக்கு 9 என்பது 8 ஆனால் மறுகரைக்குத் தேவையான மொத்த விற்பனை 700-லிருந்து 788 கிலோவுக்கு நகரும் என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். முதல் சில மாதம் வேனை வாடகைக்கு எடுங்கள், அல்லது அண்ணன் தம்பி காரில் ஏற்றுங்கள். ஒரு பணியாளரோடு தொடங்கி, வீட்டு அடுப்பிலேயே இரவு முறை ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். கடை வீடு கடைசியாகத்தான். இரண்டு மாத வாடகை முன்பணம், அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்கு வைப்பு, முதல் மாத வாடகை என்று 1,200 ரிங்கிட் கடைக்குத் திறப்பதற்கு முன்பே 4,200 போய்விடும். மூன்றாண்டு ஒப்பந்தம் என்று உரிமையாளர் வற்புறுத்தினாலும் ஓராண்டும், இரண்டு மாத முன்னறிவிப்பில் வெளியேறும் உரிமையும் கேளுங்கள். நம் ஊர் முதன்மைச் சாலையில் பூட்டிக் கிடக்கும் கடைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன்.

ஒப்பந்தம் போடும் நாளிலேயே ஒரு தாளில் ஆறு மாதத்துக்கான மொத்த விற்பனை எண்களையும் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டச் சொல்கிறேன்: 250, 350, 450, 550, 650, 700. அதில் முதல் ஐந்து மாதமும் பள்ளத்துக்குள் நடக்கும் மாதங்கள் என்பதால், வீட்டுச் செலவுக்கான பணம் அதற்கு முன்பே தனிக் கணக்கில் இருக்க வேண்டும். 28,000 என்று மேலே சொன்னதில் அது சேராது. மகள் நாள்தோறும் கிலோவை எழுதட்டும், மாதக் கடைசியில் புத்தகத்தை என்னிடம் கொண்டு வரட்டும். ஆறாம் மாத முடிவில் 700-ஐ எட்டாமல் 500-இலேயே நின்றால், கடை உரிமையாளருக்கு முன்னறிவிப்புக் கடிதம் எழுதும் வேலையை நானே செய்து தருகிறேன். அதற்கு மட்டும் நான் கட்டணம் வாங்குவதில்லை.